ஹார்விபுரத்து மனையும் மனோன்மணீய ஆசிரியரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்குமிடத்தே அமைந்த ஊர் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலால் அடியார்க்கும், வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களால் மாணவர்க்கும் அப்பெயர் நன்கு பழகியது. ஆயினும் வினாத்தாளின் தலைப்பில் அதனைக் கண்டு அஞ்சிய மாணவருள், அப்பெயருக்குரிய தொண்டைமான் யாவன் என்று வினவியவர் சிலரே ஆவர்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1736 ஆம் ஆண்டளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இதற்கு ஒரு விடை தருகின்றது. கரணவாய் முதலிய இடங்களில் இயற்கையாய் விளையும் உப்பைப் பெற விரும்பிய தொண்டைமான் ஒருவன், இந்நாட்டரசனிடம் இசைவு பெற்று, மரக்கலங்கள் உள்ளே வந்து உப்பேற்றிச் செல்லும்படி கழிமுகத்தை வெட்டி ஆழமாக்கினான் என்பது அந்நூல் கூறும் செய்தி. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர், இவனை முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிற் போற்றப்படுபவனுமாகிய கருணாகரத் தொண்டைமானோடு ஒன்றாக்கினர். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலின் பெயரும் அக்கொள்கைக்குத் துணையாகக் காட்டப்பட்டது.

தொண்டைமானாற்றுக்குச் செல்வோர் காணக்கூடியவை கழிமுகம், தடுப்பணை, கோயில், மணற்றிட்டு என்பனவே. தொண்டைமானுக்குரிய வீடுமில்லை; அவன் பெயர் பொறித்த கல்லுமில்லை. பெயர் மாத்திரம் நீரிலே தங்கியிருக்கின்றது. கதையிற் கேட்டது, செய்யுளிற் கண்டது, கல்லிற் கண்டது என்னும் மூன்றையும் தனித்தனியே நிறுத்து, எதற்கு எவ்வளவு மதிப்பென்று கூறும் முறை இத்தகைய இடங்களிலேதான் வேண்டப்படுகின்றது. அம்முறையைத் தமிழ் இலக்கியக் கால ஆராய்ச்சியிற் கையாண்டு வழிகாட்டிய முன்னோடிகளுள் ஒருவர் பேராசிரியர் பெ. சுந்தரம்பிள்ளை. அவர் வாழ்ந்த மனைக்கும் தொண்டைமானாற்றுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. அங்கும் வீட்டினும் வீட்டின் பெயரே நெடிது நின்றது. அம்மனையின் கதை தமிழுலகில் அறியப்பட வேண்டிய அளவுக்கு அறியப்படவில்லை.

திருவனந்தபுரத்தின் நடுவிலிருந்து கவடியார் அரண்மனையைக் கடந்து, அம்பலமுக்கு வழியாக வடகிழக்கே செல்லும் சாலை பேரூர்க்கடையை அடைகின்றது. மேடும் பள்ளமுமாகச் செல்லும் அச்சாலையின் இருமருங்கும் இன்று கடைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் அது நகருக்குப் புறம்பான குன்றுநிலம். அங்கே திருவிதாங்கூர் அரசர் வழங்கிய நிலத்திற் சுந்தரம்பிள்ளை ஒரு மனையை அமைத்துக்கொண்டார். நகரத்து அக்கிரகார வீடுகளைப் போலத் தெருவோடு ஒட்டி நில்லாது, தோட்டநிலம் சூழ அமைந்த வீடு அது. அதற்கு அவர் இட்ட பெயர் ஹார்விபுரம்.

நிலம் ஈந்த அரசனின் பெயரை இட்டிருப்பின் அஃது உலகவழக்கு. குலதெய்வத்தின் பெயரை இட்டிருப்பின் அது குடிவழக்கு. அவரோ தமக்குத் தத்துவம் கற்பித்த ஆசிரியராகிய இராபர்ட் ஹார்வியின் பெயரை இட்டார். மனோன்மணீயம் என்னும் நாடகநூலையும் அவருக்கே உரிமையாக்கினார். சைவப் பற்று மிக்க ஒரு தமிழர், ஐரோப்பியர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டின் மேலும் தம் நூலின் மேலும் பொறித்ததை அடிமை மனப்பான்மை என்று கருதுவார் உளராயின், அவர் அந்நூலின் தமிழ்த் தெய்வ வணக்கத்தைப் படித்தறியாதவரே ஆவர். ஆசிரியனைத் தெய்வமாகக் கொள்ளும் மரபுக்கு நாட்டெல்லை இல்லையென்று அவர் கருதினார் போலும்.

சுந்தரம்பிள்ளை 1855 ஆம் ஆண்டு ஏப்பிரல் 4 ஆம் நாள் ஆலப்புழையிற் பிறந்தார். முன்னோர் பாண்டிநாட்டிலிருந்து சென்று குடியேறிய வேளாளர். திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியிற் பயின்று 1876 இற் பி.ஏ. பட்டம் பெற்றார், 1877 இற் சிவகாமியம்மையை மணந்தார். அதன்பின் திருநெல்வேலிக்குச் சென்று அங்கிருந்த இந்துப் பாடசாலையின் தலைமையாசிரியரானார். அப்பாடசாலையே பின்னர் மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என வளர்ந்தது; பாரதியும் புதுமைப்பித்தனும் அங்குக் கற்றவர்கள். திருநெல்வேலியில் இருந்த சில ஆண்டுகளுக்குள் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அடுத்து ஞானநூற் பயிற்சி பெற்றார். நாடகத்திலே சுரங்கவழி அமைத்து அரசகுலத்தைக் காக்கும் சுந்தரமுனிவர், இக்குருநாதரின் சாயலே என்பது அறிஞர் பலரின் கருத்து.

திருவனந்தபுரத்திற்கு மீண்டபின் 1880 இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இடையிலே சில ஆண்டுகள் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையிற் பிறவகைச் சிரசுதார் என்னும் உயர்பதவி வகித்தார். 1885 இல் ஹார்வி விலகியபோது, அவரிடத்திலே தத்துவப் பேராசிரியராகி இறுதிவரை அப்பணியில் இருந்தார்.

இவ்வருவாய்த் துறைக் காலத்தை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம். அஃது ஒரு வரியிற் கடக்கத்தக்கதன்று. கோயிற்சுவர்களிலுள்ள கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவை நிலவுரிமைச் சாசனங்களே. இன்ன நிலம், இன்ன எல்லை, இத்தனை கலம் நெல், இன்னார்க்கு இன்ன கடமை என்றே அவை பேசுகின்றன. அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் அவற்றின் தலைப்பில் வருவன. புலவர் அத்தலைப்பை மாத்திரம் படித்து மகிழ்வர். வருவாய்க் கணக்கன் எஞ்சிய பகுதியையும் படிப்பான். சுந்தரம்பிள்ளைக்கு இரு கண்களும் இருந்தன. நிலத்தையும் இறையையும் கையாண்டு பழகிய ஒருவர் வட்டெழுத்துச் சாசனங்களை அணுகியபோது, அவை அவருக்கு வெறும் பழம்பொருளாகத் தோன்றவில்லை. நேற்றைய பதிவேட்டின் முந்திய ஏடாகவே தோன்றின.

அதன் பயனாக எழுந்தது 1894 இல் வெளிவந்த திருவிதாங்கூரின் முற்கால மன்னர் சிலர் என்னும் ஆங்கில ஆராய்ச்சி. அதற்கு முன் 1878 இற் சங்குண்ணி மேனோன் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு, அரண்மனை மரபையும் வழிவழிக் கதைகளையும் பெரிதும் சார்ந்திருந்தது. சுந்தரம்பிள்ளை ஊர்தோறும் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுத்து, 12 ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆண்ட வேணாட்டரசர் சிலரைக் கொல்லம் ஆண்டோடு நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டிற் செழித்த தொல்பொருளாய்வுக்கு அவர் இட்ட கால்கோள் அது.

இதனினும் தமிழர் நெஞ்சில் நிற்கவேண்டியது திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆராய்ச்சியாகும். கூன்பாண்டியனைப் பிற்காலச் சுந்தரபாண்டியனோடு ஒன்றாக்கி, சம்பந்தரைப் 13 ஆம் நூற்றாண்டில் வைத்தார் கால்டுவெல். ஒப்பிலக்கணத்தில் அவர் பெற்றிருந்த பெருமதிப்பு, காலக்கணிப்பிலும் அவர் சொல்லுக்கு வலிமை தந்தது. அஃது உண்மையாயின், தேவாரமும் அதனையொட்டிய சைவ இலக்கியமும் ஏறக்குறைய ஐந்நூறு அறுநூறு ஆண்டு பின்தள்ளப்படும். சோழப் பெருமன்னர் காலத்துக் கோயில்களிற் பாடப்பட்ட திருப்பதிகம் எதுவென்னும் வினாவும் விடையின்றி நிற்கும். சுந்தரம்பிள்ளை சினந்து எழுதவில்லை. சமயப் பற்றைச் சான்றாக வைக்கவுமில்லை. பின்வந்த ஆசிரியர் எவரெவர் சம்பந்தரைக் குறிப்பிடுகின்றனர், அவர்தம் காலம் யாது, இராசராசன் காலத்துச் சாசனங்கள் யாது கூறுகின்றன என்று படிப்படியாகப் பின்னோக்கி நடந்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராதல் இயலாது என்று முடித்தார். பின்பு கல்வெட்டறிஞர் வெங்கையா, சிறுத்தொண்டர் வாதாபியை அழித்ததாகப் பெரியபுராணம் கூறுவதையும், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642 ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றியதையும் இணைத்துக் காட்டியபோது, அம்முடிபு உறுதியாயிற்று. கட்டுரை முதலில் வெளிவந்தது 1891 இல். நூலுருவம் பெற்றது 1895 இல்.

அக்காலத்துச் சூழலையும் நினைத்தல் வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் 1887 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் அச்சேறின. ஏட்டிலிருந்த நூல்கள் கைக்கு வந்துகொண்டிருந்த அந்நாளில், அவை எக்காலத்தன என்று அளந்து கூறுவார் வேண்டியிருந்தனர். பதிப்பாசிரியர் நூலை மீட்டனர். சுந்தரம்பிள்ளை அதற்கு ஆண்டளவு தேடினார். இவ்விருபணிகளுள் பின்னதன் அருமை இன்றும் போதிய அளவு உணரப்படவில்லை.

அவர் காட்டிய அளவுகோலைத் தொண்டைமானாற்றுக் கதையின் மேல் வைத்துப் பார்த்தல் பயனுடையது. குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 அளவும். கருணாகரனின் கலிங்கப் போர் 1110 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. சோழர் வரலாறு இவ்வாறு கல்வெட்டின் மேல் நிற்கின்றது. வைபவமாலையோ நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டு பின்னர் எழுந்தது. அந்நூல் உப்புக் கதையை வைத்துள்ள அரசர் அடைவும் குலோத்துங்கன் காலத்தோடு எளிதிற் பொருந்துவதன்று. பரணி கருணாகரனைக் கலிங்கத்துக்கு அனுப்புகின்றதேயன்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவில்லை. ஆகவே, தொண்டைமான் எனப்பட்ட தலைவன் ஒருவனின் தொடர்பு இக்கழிமுகத்துக்கு உண்டென்பதும், உப்பு வாணிகம் அதற்குக் காரணமாகலாம் என்பதும் ஏற்கத்தக்கவை. அவன் வண்டைவேந்தன் கருணாகரனே என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்வாறு கூறுவதால் ஊரின் பெருமை குறைவதாகச் சிலர் வருந்துதல் கூடும். சம்பந்தர் பெருமை கால ஆராய்ச்சியால் குறையாதவாறே இதுவும் குறையாது.

இனி, பேரூர்க்கடைக்கு மீளலாம். மனோன்மணீயம் 1891 இல் வெளிவந்தது. லிட்டன் பிரபு 1866 இல் வெளியிட்ட மறைந்துபோன மிலேத்தியக் கதைகள் என்னும் தொகுதியிலே மறைவழி என்றொரு கதைப்பாட்டு உளது. சித்திய மன்னன், அவன் மகள், கனவிற் கண்ட காதலன், வஞ்சக அமைச்சன், சுரங்கவழி என்னும் உறுப்புக்களைச் சுந்தரம்பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் கதையை நிறுத்திய நிலம் முழுதும் அவருடையதே. பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் கோட்டை அமைக்கின்றான். சேரன் புருடோத்தமன் திருவனந்தபுரத்திலிருந்து படையெடுக்கின்றான். போருக்கு வாயிலாக நிற்பது நாஞ்சில்நாடு. ஆசிரியர் கற்பித்த ஊரும் வாழ்ந்த ஊரும், இரண்டுக்கும் இடைப்பட்ட நெல்வயற் பரப்புமே நாடகத்தின் நிலப்படம். வருவாய்த் துறையில் இருந்தவர்க்கு நாஞ்சில்நாட்டு வயல் யாதென்று தெரியும். அதன் பொருட்டு இரு முடியரசர் பொருதல் அவருக்குப் புனைவாகத் தோன்றியிராது.

நாடகமாக நோக்கின் மனோன்மணீயத்திற் குறை இல்லாமலில்லை. நடிப்பதற்கு இயையாத நீண்ட உரைகள் பல. படிப்பதற்கென்றே அமைந்த நாடகம் என்று திறனாய்வாளர் கூறுவது சரியே. ஆனால் அந்நீண்ட உரைகளுள் ஒன்று, தோட்டமனையை நினைக்கும்போது மனத்தை விட்டகலாதது. மூன்றாம் அங்கத்திலே நடராசன் என்னும் பாத்திரம் வைகறையிற் புறநகரில் நின்று வாய்க்காலையும் புல்லையும் நாங்கூழ்ப் புழுவையும் நோக்கிப் பேசுகின்றான். மண்ணை உண்டு, மண்ணைப் புடைபெயர்த்து, எவரும் அறியாமல் உழவர்க்கு உழவனாயிருக்கும் அச்சிற்றுயிரின் தொண்டை அவன் வியக்கின்றான். மண்புழுக்கள் நிலத்தைப் பண்படுத்தும் வகையை டார்வின் ஒரு தனிநூலாக 1881 இலேதான் வெளியிட்டார். பத்தாண்டுக்குள் அப்பொருள் தமிழ்ச் செய்யுளில் இடம்பெற்றது. பழந்தமிழ்ப் புலவர் உழவைப் பாடினர். ஏரையும் எருதையும் பாடினர். நாங்கூழைப் பாடியவரைக் காண்டல் அரிது. காலை வேளையில் மண்ணைக் குனிந்து நோக்கிய ஒருவரின் செய்யுள் அது.

மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. நாடகத்துக் காதலருள் ஒருவன் பெயர் நடராசன். நாடகத்தினுள்ளே வரும் கிளைக்கதை சிவகாமி சரிதை. ஆசிரியரின் மனைவி சிவகாமி. அவருக்கு 1891 மார்ச்சில், நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே, பிறந்த ஒரே மகன் நடராசன். தில்லைக் கூத்தனிடத்தும் அம்மையிடத்தும் கொண்ட பத்தியே இப்பெயர்களுக்கெல்லாம் மூலம் என்று கூறி அமையலாம். ஆயினும் நூலிலும் தொட்டிலிலும் ஒரே பெயரை ஒரே ஆண்டில் வைத்த தந்தையின் உள்ளத்தில் வேறு மகிழ்ச்சியும் இருந்திருக்கும்.

தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் முதலிய பெரியோரின் கூட்டுறவோடு 1885 ஆம் ஆண்டளவிற் சைவப் பிரகாச சபையைத் திருவனந்தபுரத்தில் நிறுவியவரும் சுந்தரம்பிள்ளையே. 1892 டிசம்பரில் விவேகானந்தர், கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில், திருவனந்தபுரத்தில் இளவரசரின் ஆசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டில் தங்கியிருந்தார். அந்நாட்களில் அவரும் சுந்தரம்பிள்ளையும் சந்தித்து உரையாடினர். திராவிடர் என்னும் இனவுணர்ச்சியைப் பேராசிரியர் வெளிப்படையாகக் கூற, அது துறவியாருக்கு உவப்பாக இல்லை என்று அறியவருகின்றது. நூறாண்டு தமிழ்நாட்டரசியலை ஆட்டிய வினா, இருவர் உரையாடலாக அன்று எழுந்தது.

இராவ்பகதூர் பட்டம் 1896 இற் கிடைத்தது. 1897 ஏப்பிரல் 26 இற் சுந்தரம்பிள்ளை மறைந்தார். அகவை 42. மகனுக்கு வயது ஆறு.

ஹார்விபுரத்தின் இரண்டாம் பாகம் இம்மகனோடு தொடங்குகின்றது. பி. எஸ். நடராசபிள்ளை பத்திரிகைத் துறையிலும் பொதுவாழ்விலும் ஈடுபட்டார். திருவிதாங்கூரிற் பொறுப்பாட்சி வேண்டி 1938 இல் அரசியற் காங்கிரசு எழுந்தபோது, அதனை உருவாக்கியோருள் அவரும் ஒருவரானார். திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். இயக்கத்தை ஒடுக்க அரசு கையாண்ட வழிகளுள் சொத்துப் பறிமுதலும் ஒன்று. தந்தைக்கு அரசர் உவந்து அளித்த ஹார்விபுரம், மகன் அரசை எதிர்த்தமையால் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று.

அரசாணை ஒன்றால் வீடும் தோட்டமும் கைநழுவுதல் யாதென்பதைக் குடாநாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990 சூனில் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்களுட் பல, கால் நூற்றாண்டின் பின்னரே தம் காணி எல்லையைக் கண்டன, காணாதனவும் உள. தொண்டைமானாற்றுக்கு மேற்கே அடுத்துள்ள வளலாயில் மக்கள் மீளக்குடியேற இடம் பிறந்தது 2015 இலேதான். மீண்டு சென்றோர் முதலில் தேடியது கிணற்றை என்பர். சுவர் வீழ்ந்த இடத்தும் கிணறு நிற்குமாதலின், அதனை வைத்தே அடுக்களை எங்கிருந்தது, முற்றம் எங்கிருந்தது என்று கணித்தனர். காணி மீளக் கிடைக்குமாயின் எவரும் வேண்டாமென்று கூறார், கூறுதல் நியாயமுமன்று.

அதனாலேயே நடராசபிள்ளையின் செயல் வியப்பைத் தருகின்றது. சர் சி. பி. 1947 இற் பதவியை விட்டு நீங்கினார். நடராசபிள்ளை இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராயிருந்தார். 1954 மார்ச்சிற் பட்டம் தாணுபிள்ளையின் தலைமையில் அமைந்த திருவிதாங்கூர் கொச்சி அமைச்சரவையில் நிதியமைச்சரானார். பறிக்கப்பட்ட சொத்தை மீட்டுக்கொள்ள வழியிருந்தும் அவர் அதனை ஏற்க மறுத்தார் என்றும், அமைச்சராயிருந்த காலத்தும் ஓலை வேய்ந்த எளிய வீட்டிலேயே வாழ்ந்தார் என்றும் கேரள மக்கள் இன்றும் போற்றிக் கூறுவர்.

அவ்வாறு மறுத்தவர் அமைச்சராகச் செய்த பெரும்பணி நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்ததே. குத்தகையாளர்க்கு நிலையான உரிமை, ஒருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு வரம்பு என்னும் பொருள்களை அவை தொட்டன. அமைச்சரவை 1955 பெப்ருவரியில் வீழ்ந்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை. கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் என்றவுடன் 1957 இல் அமைந்த நம்பூதிரிப்பாடு அரசையே யாவரும் நினைப்பர். அதற்கு முன் நின்றவரை நினைப்பவர் சிலர். மறுத்ததற்குக் காரணம் இம்மசோதாக்களிலேயே இருக்கின்றது என்று கொள்வது பொருத்தம். பிறர் நிலத்துக்கு வரம்பிட முனையும் அமைச்சர், தம் குடும்பத்தின் குன்றுநிலத்தை அதே அரசிடமிருந்து பெற்றுக்கொண்டு சட்டமன்றத்தில் எழுந்து நிற்றல் எளிதன்று.

இவ்விடத்தில் மற்றொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. அதே 1954 ஆகஸ்டு 11 இல், தென்திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டுமென்று நேசமணியின் தலைமையிற் கிளர்ந்த மக்கள்மேற் காவற்படை சுட்டதில் உயிர்கள் மாண்டன. நடராசபிள்ளை அங்கம் வகித்த அமைச்சரவையின் காலத்திலே அது நிகழ்ந்தது. தமிழ்த் தெய்வ வணக்கம் பாடியவரின் மகன் அவ்வமைச்சரவையில் இருந்தார் என்பது வரலாற்றின் கசப்பான இணைப்புக்களுள் ஒன்று. மகனைப் புகழும் மலையாள நூல்கள் இதனைத் தொடுவதில்லை. தந்தையைப் புகழும் தமிழ் நூல்கள் மகனையே தொடுவதில்லை.

லிட்டன் பிரபுவின் குடிமனையாகிய நெப்வெர்த்து மாளிகை இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்சயரில் இன்றும் அவர் வழியினரின் கையிலே நிற்கின்றது. பயணிகள் கட்டணம் செலுத்திச் சென்று அவர் எழுதிய அறையைக் காணலாம். தமிழ்ப் பதிப்புலகின் தலைமகன் சாமிநாதையர் வாழ்ந்த சென்னைத் திருவட்டீசுவரன்பேட்டைத் தியாகராச விலாசமோ 2012 இல் இடிக்கப்பட்டது. மூலக்கதை எழுதியவரின் மாளிகைக்கும் அதனைத் தமிழாக்கிப் பெருக்கியவரின் மனைக்கும் வாய்த்த ஊழ் இவ்வாறு வேறுபட்டது. பேரூர்க்கடைக்கு இன்று செல்லும் தமிழர், எழுதிய மேசையையோ எழுதுகோலையோ எதிர்பார்த்துச் செல்வாராயின் ஏமாற்றமே அடைவர். அவ்வூரில் ஓர் அரசினர் மேனிலைப் பள்ளி நடராசபிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கற்பித்தவரின் பெயரால் அமைந்த குன்றின் ஊரிலே, கைவிட்டவரின் பெயராற் பிள்ளைகள் கற்கின்றனர்.

நாடகத்திற் சேரனும் பாண்டியனும் பொருத நாஞ்சில்நாடு, 1956 நவம்பர் 1 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம் என்னும் தாலுகாக்களாகத் தமிழ்நாட்டைச் சேர்ந்தது; பேரூர்க்கடை கேரளத்தில் நின்றது. திருவனந்தபுரத்து மக்கள் 1962 இல் நடராசபிள்ளையைக் கட்சிச் சார்பற்றவராகவே மக்களவைக்குத் தெரிந்தனுப்பினர். அப்பதவியில் இருக்கும்போதே 1966 சனவரியில் அவர் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின், 1970 இல், தமிழ்நாட்டரசு அவர் தந்தையின் தமிழ்த் தெய்வ வணக்கத்திற் சில அடிகளை நீக்கி எஞ்சியதை அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக்கிற்று. 2021 டிசம்பர் 17 இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. இன்று நாஞ்சில்நாட்டுப் பள்ளிகளிற் காலைதோறும் அப்பாடல் ஒலிக்கின்றது. சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பேரூர்க்கடைப் பள்ளியில் அதனைப் பாடும் வழக்கம் இல்லை. அங்கு மாநிலமும் மொழியும் வேறு.